அமெரிக்கா ஏன் கடல் தாண்டி நாடு பிடிச்சுச்சு? எஸ்ஸே எழுதுற பிள்ளைங்களுக்கு ஒரு பங்கர்காரன் சொல்ற வழி

எங்க அக்கா பொண்ணு ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பேக்கலாரியட் படிக்கிறா, ஹிஸ்டரி ஹையர் லெவல், அதுல அமெரிக்கக் கண்டங்களோட வரலாறுன்னு ஒரு பகுதி எடுத்திருக்கா. சிங்கப்பூர்ல உட்கார்ந்துகிட்டு இது எதுக்குடின்னு அக்காவுக்கு கடுப்பு, அது வேற கதை. போன மாசம் ஒரு எஸ்ஸே திரும்பி வந்துச்சு, 15-க்கு 6. கேள்வி ரொம்ப பழைய கேள்விதான், 19-ஆம் நூற்றாண்டு கடைசியில அமெரிக்கா கடல் தாண்டி நாடு பிடிக்கப் போனதுக்கு என்ன காரணம்னு. இவ அஞ்சு பாரா எழுதியிருக்கா, பணம் ஒரு பாரா, கடற்படை ஒரு பாரா, மதம் ஒரு பாரா, இனத்திமிர் ஒரு பாரா, பேப்பர்காரங்க ஒரு பாரா, எல்லாம் அளவெடுத்து வெட்டுன கேசரி மாதிரி ஒரே சைஸ். டீச்சர் கீழ ஒரே வரி எழுதியிருந்தாங்க, இது லிஸ்ட், வாதம் இல்லன்னு.

நான் ஹிஸ்டரி வாத்தியார் இல்ல. 22 வருஷமா பங்கரிங்ல இருக்கேன், அதாவது கப்பலுக்கு எண்ணெய் ஊத்துற வேலை, உலகத்துலயே அதிகமா கப்பல் எண்ணெய் விக்கிற துறைமுகம் நம்ம ஊருதான்னு நிறைய பேருக்குத் தெரியாது. ஆனா இந்த விஷயத்துல எனக்குப் பைத்தியம் உண்டு, ஏன்னு போகப் போகச் சொல்றேன். ரெண்டு சனிக்கிழமை தேக்கா பக்கத்துல ஒரு கோப்பிக்கடையில உட்கார்ந்து அவளோட இதைப் பிரிச்சு மேஞ்சோம். அதே குழப்பத்துல இருக்கிற பிள்ளைங்களும், ராத்திரி 11 மணிக்குப் பக்கத்துல உட்கார்ந்து முழிக்கிற அப்பா அம்மாவும் படிக்கட்டும்னு எழுதுறேன்.

முதல் வேலை, அந்த அஞ்சு தலைப்பையும் தூக்கி ஓரமா வைங்க. காரணத்துலேருந்து ஆரம்பிக்காதீங்க, இடத்துலேருந்து ஆரம்பிங்க. ஒரு ஏ4 தாள் எடுத்து இடது பக்கம் வரிசையா ஹவாயி, கியூபா, பிலிப்பைன்ஸ், குவாம், சமோவா, புவேர்த்தோ ரிக்கோன்னு எழுதுங்க. மேல மூணு கட்டம் போடுங்க, ஆசை, சமயம், சாக்கு. ஆசைன்னா உள்ளுக்குள்ள ரொம்ப நாளா யாருக்கு என்ன வேணும்னு இருந்துச்சுங்கிறது. சமயம்னா ஏன் அந்த வருஷம், ஏன் அதுக்கு முன்னாடி இல்லங்கிறது. சாக்குன்னா வெளிய என்ன சொல்லிகிட்டாங்கங்கிறது. பிள்ளைங்க பெரும்பாலும் இந்த மூணையும் ஒரே குண்டான்ல போட்டு கலக்கிடுறாங்க, அப்ப ஜனாதிபதியா இருந்த மெக்கின்லி சொன்ன சாக்கும் கடற்படைக்காரன் ஆசையும் ஒரே மாதிரி "காரணம்"னு வந்து நிக்குது.

எங்க தொழில்ல கப்புச்சினோன்னு ஒரு திருட்டு இருக்கு. எண்ணெய்க்குள்ள காத்தை அடிச்சு நுரைக்க விட்டு டேங்க்ல அளவு ஜாஸ்தியா காட்டுறது. கொஞ்ச நேரம் கழிச்சு நுரை அடங்கினா அளவு இறங்கிடும். அதுக்காகத்தான் இப்ப மீட்டர் வச்சு அளக்கிறோம். அரசியல்வாதி மேடையில பேசினதை நீங்க படிக்கும்போது இந்த நுரை ஞாபகம் இருக்கட்டும். நுரையையும் எழுதணும், மக்களை இழுத்துட்டு வந்தது அதுதான், ஆனா நுரைன்னு தெரிஞ்சு எழுதணும்.

ரெண்டாவது, 1898-ல, அதாவது கியூபா, பிலிப்பைன்ஸ், குவாம், புவேர்த்தோ ரிக்கோ எல்லாம் வச்சிருந்த ஸ்பெயினோட அமெரிக்கா சண்டை போட்ட வருஷத்துல, ஆரம்பிக்காதீங்க. எல்லாப் பிள்ளையும் அங்கதான் ஆரம்பிக்குது, ஒரு கப்பல் வெடிச்சுச்சு, பேப்பர்ல வந்துச்சு, சண்டை போட்டாங்க, தீவு கிடைச்சுச்சுன்னு. அதுக்கு 60 வருஷம் முன்னாடியே அமெரிக்காக்காரன் இந்தப் பக்கம் வந்தாச்சு. பாலஸ்தியர் ரோடு தெரியும்ல, பாக் குத் தேயும் லைட்டுக் கடையுமா இருக்கிற இடம், அந்தப் பேரு ஜோசப் பாலஸ்தியர்ங்கிறவரோடது, 1830-கள்ல இங்க வந்த முதல் அமெரிக்க கான்சல். கான்சல் வேலையோட அந்தப் பக்கம் கரும்புத் தோட்டமும் போட்டு நட்டப்பட்டுப் போனார். அவர் சம்சாரம் அமெரிக்க சுதந்திரப் போர்ல பேர் வாங்கின பால் ரெவியரோட மக, அந்தம்மா 1843-ல செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்சுக்குக் கொடுத்த மணி இப்ப நேஷனல் மியூசியத்துல இருக்கு, போய்ப் பாருங்க. 1853-ல பெர்ரிங்கிற அமெரிக்கக் கடற்படைத் தளபதி கப்பல்களைக் கொண்டுபோய் ஜப்பானை மிரட்டினார். 1856-ல ஒரு சட்டம் போட்டாங்க பாருங்க, பறவை எச்சம் குவிஞ்சு கிடக்கிற ஆளில்லாத தீவை எந்த அமெரிக்கன் கண்டுபிடிச்சாலும் அது அமெரிக்காவுக்குச் சேரலாம்னு, எல்லாம் வயலுக்கு உரம் போடத்தான். 1867-ல ரஷ்யாகிட்ட 72 லட்சம் டாலருக்கு அலாஸ்கா, அதே வருஷம் மிட்வே தீவு. ஆசை அங்கங்க சொட்டிக்கிட்டே இருந்திருக்கு, 1898-ல குழாய் உடைஞ்சுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். எஸ்ஸேல இதுக்கு ரெண்டு வரி போதும், ஆனா அந்த ரெண்டு வரி இருந்தா படிக்கிறவருக்கு இந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியும்னு புரிஞ்சிடும்.

இப்ப என் ஏரியா. கரி.

டியூஷன் நோட்ஸ்ல ஆல்ஃபிரட் மஹான்னு ஒரு பேரு வரும், கடற்படை அதிகாரி, 1890-ல கடல் பலம் பத்தி ஒரு புஸ்தகம் எழுதினார், பெரிய கடற்படை வேணும், கடல் தாண்டி தளம் வேணும்னு சொன்னார்னு ஒரு வரியில முடிச்சிருப்பாங்க. இவளும் அப்படித்தான் எழுதியிருந்தா. நான் கேட்டேன், தளம் எதுக்கும்மா? "சண்டை போட மாமா"ன்னா. சண்டை போட இல்லம்மா, கரி ஏத்த. பாய்மரக் கப்பலுக்குக் காத்து போதும், எங்க வேணும்னாலும் போகும். நீராவிக் கப்பல் வந்ததும் கதை மாறிப் போச்சு, வேகம் கூடுச்சு, ஆனா சில நாளைக்கு ஒரு தடவை வயிறு காலியாகும், காலியானா நடுக்கடல்ல அது வெறும் இரும்பு. அப்ப உலகத்துல நல்ல கரி நிலையங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரன் கையில, நம்ம தஞ்சோங் பகார் உள்பட. கூலியாட்கள் கூடை கூடையா தோள்ல சுமந்து பலகை மேல நடந்து கப்பல்ல கொட்டுவாங்க. இன்னைக்கு நாங்க பார்ஜ் கட்டி ஹோஸ் மாட்டுறதை அன்னைக்கு மனுஷன் முதுகுல பண்ணான்.

இதோட அர்த்தம் 1898-ல தெரிஞ்சுச்சு. டூவிங்கிற தளபதியோட அமெரிக்கக் கடற்படை ஹாங்காங்ல நிக்குது, ஸ்பெயினோட சண்டை வருது, பிரிட்டன் நடுநிலைன்னு சொல்லி ஏப்ரல் 25-க்குள்ள இடத்தைக் காலி பண்ணுங்கன்னுட்டான். டூவி அதுக்குள்ள நான்ஷான்னு ஒரு கரிக்கப்பலையும் ஸஃபிரோன்னு ஒரு சாமான் கப்பலையும் விலைக்கே வாங்கி வச்சிகிட்டார், ஏன்னா கிளம்பிட்டா பக்கத்துல கரி கொடுக்க ஆளே கிடையாது. மே 1-ஆம் தேதி மணிலா விரிகுடாவுல ஸ்பெயின் கப்பல்களை ஒரு காலையில முடிச்சிட்டார். பதிலுக்கு ஸ்பெயின் கமாராங்கிற அட்மிரல் தலைமையில ஒரு படையை சூயஸ் வழியா அனுப்புச்சு, போர்ட் சயித்ல கரி ஏத்த விடல, நாள் ஓடுச்சு, அதுக்குள்ள கியூபா பக்கம் ஸ்பெயினோட இன்னொரு படை அழிஞ்சுபோக, இதைத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. ஒரு குண்டு வெடிக்காமயே, கரி கிடைக்காம ஒரு கடற்படை வழியில திணறி நின்னுச்சு. நான் இதைச் சொல்லும்போது அவ தே ஓ-வை (பால் இல்லாத டீ) கீழ வச்சிட்டு எழுத ஆரம்பிச்சா.

அப்புறம் மேப்பை எடுத்து வைங்க. சான் பிரான்சிஸ்கோ, ஹவாயி, மிட்வே, வேக், குவாம், மணிலா. கோலப் புள்ளி மாதிரி வரிசையா இருக்கா? ஹவாயி 1898 ஜூலைல, குவாம் 1898 ஜூன்ல, வேக் தீவு 1899 ஜனவரில. அந்தப் புள்ளிகளுக்கு அந்தப் பக்கம் சீனா. குவாமைப் பிடிச்ச கதை சிரிப்பா இருக்கும், சார்ல்ஸ்டன்னு ஒரு கப்பல் போய் கோட்டையைப் பார்த்துச் சுடுது, கரையில இருந்த ஸ்பெயின் அதிகாரிகளுக்கு சண்டை நடக்கிறதே தெரியாது, மரியாதை குண்டுன்னு நினைச்சு, பதில் மரியாதை செய்ய எங்ககிட்ட மருந்து இல்ல மன்னிச்சுக்குங்கன்னு படகுல வந்து நின்னாங்க. சமூகத்தை உயர்த்துறோம், நாகரிகம் கொண்டு வர்றோம்ங்கிற பேச்செல்லாம் குவாமுக்கு அவ்வளவா தேவைப்படல பாருங்க. ஒரு தீவுக்குச் சாக்கே பெருசா இல்லாம போச்சுன்னா அங்க ஆசை என்னன்னு சுலபமா தெரியும்.

அடுத்தது பணம். இதுல ஒரு கண்ணி இருக்கு, ஜாக்கிரதை.

பணம்தான் காரணம்னு எழுதுறது சுகமா இருக்கும், ஆதாரமும் கிடைக்கும். 1890 சென்சஸ்ல மேற்குப் பக்கம் குடியேற காலி எல்லைன்னு ஒண்ணு இனி இல்லன்னு சொல்லிட்டாங்க, 1893-ல டர்னர்ங்கிற வரலாற்றுக்காரர் அதை வச்சு ஒரு பெரிய கட்டுரை வாசிச்சார், அதே 1893-ல பொருளாதாரம் படுத்துச்சு, நூத்துக்கணக்குல பேங்க் மூடினான், வேலை போச்சு, தெருவுல ஸ்ட்ரைக். ஃபேக்டரி ஊர் தேவையை விட ஜாஸ்தியா பண்ணுது, வெளிய விக்கலன்னா நாறிப் போகும்ங்கிற பயம். 1870-லேருந்து 1900-க்குள்ள ஏற்றுமதி மூணு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. பெவரிட்ஜ்னு ஒரு அரசியல்வாதி 1898-ல மேடை மேடையா இதையேதான் பேசினார், நம்ம சரக்குக்கு உலகச் சந்தை வேணும், அது நம்மளுதாகணும்னு.

சரி, கண்ணி எங்க? ரெண்டு இடத்துல. ஒண்ணு, சீனா சந்தை சீனா சந்தைன்னு எல்லாரும் கத்தினாங்களே, அமெரிக்க ஏற்றுமதியில சீனாவுக்குப் போனது ரொம்பச் சின்னப் பங்குதான். அப்ப பணம் காரணம் இல்லையான்னா, இல்ல, வருமானம் காரணமில்ல, வரப்போற வருமானத்து மேல இருந்த கனவு காரணம். ஜோகூர்ல ஃபாரஸ்ட் சிட்டின்னு பெருசா கட்டின வீட்டுத் திட்டத்துல ஃப்ளாட் வாங்கின நம்ம ஆளுங்களைக் கேளுங்க, கனவுக்கு மனுஷன் எவ்வளவு கொடுப்பான்னு. ரெண்டாவது, ஜூலியஸ் பிராட்னு ஒரு வரலாற்றாசிரியர் 1930-கள்ல தேடிப் பார்த்துச் சொன்னார், 1898 தொடக்கம் வரைக்கும் பெரிய வியாபாரிங்க நிறைய பேர் சண்டையே வேண்டாம்னுதான் இருந்தாங்க, இப்பதான் மார்க்கெட் எழுந்திருக்கு கெடுத்துடாதீங்கன்னு. கார்னகி இரும்பு முதலாளி, நாடு பிடிக்கிறதை எதிர்த்த சங்கத்துல இருந்தார். அதனால "வியாபாரிகள்"னு மொத்தமா எழுதாதீங்க. எந்த வியாபாரி, எந்தச் சரக்கு, எந்த வருஷம்னு எழுதுங்க.

ஹவாயி இதுக்கு நல்ல உதாரணம், கொஞ்சம் நின்னு பார்ப்போம். 1875 ஒப்பந்தத்துல ஹவாயி சக்கரைக்கு அமெரிக்காவுல வரி கிடையாது, தோட்டங்க கொழுத்துச்சு. 1887-ல அதை நீட்டிக்கும்போது பேர்ல் ஹார்பரை அமெரிக்கக் கடற்படை மட்டும் பாவிக்கலாம்னு எழுதி வாங்கிட்டான், கவனிங்க, சக்கரையும் கரியும் ஒரே காகிதத்துல. 1890-ல அமெரிக்கா எல்லா நாட்டுச் சக்கரைக்கும் வரியை எடுத்துட்டு உள்ளூர் சக்கரைக்குப் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் கொடுத்துச்சு, ஹவாயி தோட்டக்காரன் தலையில துண்டு. அமெரிக்காவோட சேர்ந்துட்டா நாமளும் உள்ளூர்தானே? 1893 ஜனவரி 17-ல ராணி லிலியுவோகலானியைக் கவுத்தாங்க, அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்ஸ் கப்பல்லேருந்து 160-க்கு மேற்பட்ட படையாட்களை இறக்கி விட்டு நிக்க வச்சார்.

இது வரைக்கும் எல்லாப் பிள்ளையும் எழுதும். இதுக்கு மேலதான் மார்க். தோட்டக்காரங்க எல்லாருமே சேரணும்னு சொல்லல, பெரிய சக்கரை முதலாளி ஸ்ப்ரெக்கல்ஸ் எதிர்த்தார், ஏன்னா அமெரிக்காவோட சேர்ந்தா ஒப்பந்தக் கூலி வச்சிக்க முடியாது. கங்காணி, ஒப்பந்தம், தோட்டக்காடுன்னு நம்ம தாத்தா பாட்டி மலாயாவுல பட்ட கதைதான் அங்கயும், ஆள் மட்டும் ஜப்பான்காரன், சீனன், போர்த்துக்கீசியன். அப்புறம் இன்னொண்ணு, சக்கரை 1893-லயும் இருந்துச்சு, 1898-லயும் இருந்துச்சு. 1893-ல கிளீவ்லேண்ட் அமெரிக்க ஜனாதிபதியா பதவிக்கு வந்ததும் இணைப்பு ஒப்பந்தத்தை வாபஸ் வாங்கிட்டார், நடந்தது தப்புன்னார். ஹவாயி மக்கள் 21,000 பேருக்கு மேல வேண்டாம்னு கையெழுத்து போட்டு அனுப்பினாங்க, 1897-ல. ஆனா 1898 ஜூலைல, மணிலாவுக்குப் போற கப்பலுக்கு நடுவுல நிறுத்தம் வேணும்னு ஆனப்ப, செனட்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு கிடைக்காதுன்னு தெரிஞ்சு, ஒப்பந்தமா இல்லாம சாதாரணத் தீர்மானமா போட்டு இணைச்சுட்டாங்க. அப்ப ஆசை சக்கரை, சமயம் சண்டை. ரெண்டும் வேற வேற வேலை செய்யுது. ஒரே காரணம் அஞ்சு வருஷம் சும்மா இருந்துட்டு திடீர்னு வேலை செஞ்சா, வேலை செஞ்சது அது மட்டும் இல்லன்னு அர்த்தம். இந்த ஒரு கேள்வியை எல்லா இடத்துலயும் கேளுங்க, ஏன் அப்ப, ஏன் முன்னாடி இல்ல.

பேப்பர்காரங்க விஷயம் சுருக்கமா முடிச்சிடுங்க. ஹெர்ஸ்ட், புலிட்ஸர் பேப்பருங்க கியூபாவுல ஸ்பெயின் பண்ண கொடுமையை ஊதி எழுதினாங்க, 1898 பிப்ரவரி 15-ல மெய்ன் கப்பல் ஹவானா துறைமுகத்துல வெடிச்சு 260 பேருக்கு மேல செத்தாங்க, ஸ்பெயின்தான்னு கூவினாங்க. ஆனா கியூபா மக்களை முகாம்ல அடைச்சதும் அங்க பட்டினியில செத்ததும் நிஜம், பேப்பர் கட்டுன கதை இல்ல. அதோட பேப்பர் படிச்சவன் கியூபாவுக்காகத்தான் கொதிச்சான், பிலிப்பைன்ஸ் எங்க இருக்குன்னே பாதி பேருக்குத் தெரியாது. அப்ப பேப்பர் சண்டைக்குக் காரணம் ஆகலாம், பிலிப்பைன்ஸைப் பிடிச்சதுக்குக் காரணம் ஆகாது. சண்டை ஏன் வந்துச்சுங்கிறதும் நாட்டை ஏன் பிடிச்சாங்கங்கிறதும் ரெண்டு கேள்வி. தயவு செஞ்சு ஒண்ணாக்காதீங்க.

மதம், இனம், நாகரிகம், இது நுரையா எண்ணெயா? ரெண்டும்னுதான் சொல்வேன். ஜோசையா ஸ்ட்ராங்னு ஒரு பாதிரியார் 1885-லயே ஆங்கிலோ சாக்ஸன் இனம் உலகம் முழுக்கப் பரவப் போகுதுன்னு எழுதி புஸ்தகம் ஏகமா வித்துச்சு. கிப்ளிங், நம்ம பம்பாயில பிறந்தவர்தான், 1899-ல வெள்ளைக்காரனோட சுமைன்னு ஒரு கவிதை எழுதினாரே, அது இந்தியாவைப் பத்தினதுன்னு நம்மள்ல நிறைய பேர் நினைக்கிறோம், இல்ல, அது பிலிப்பைன்ஸை எடுத்துக்கோன்னு அமெரிக்காவுக்குச் சொன்ன புத்திமதி. ஆனா இங்கயும் ஒரு விஷயம் பிள்ளைங்க விடுறாங்க. எதிர்த்தவங்கள்லயும் இனவெறி இருந்துச்சு. தென் மாநில செனட்டர் டில்மன் மாதிரி ஆளுங்க பிலிப்பைன்ஸ் வேண்டாம்னது அந்த மக்கள் மேல பாசத்துல இல்ல, கறுத்த மக்களை நாட்டுக்குள்ள சேர்க்காதீங்கன்னு. ஒரே வெறுப்பு ஒருத்தனைப் போய்ப் பிடின்னு சொல்லுது, இன்னொருத்தனைத் தொடாதன்னு சொல்லுது. அப்ப இனத்திமிர் மட்டும் தனியா எதையும் விளக்காது, வேற எதோட சேருதுங்கிறதுதான் முக்கியம்.

மெக்கின்லி ஜெபம் பண்ண கதையை எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. ராத்திரி முட்டி போட்டு கடவுள்கிட்ட வெளிச்சம் கேட்டாராம், ஃபிலிப்பினோக்களை எடுத்துப் படிக்க வச்சு உயர்த்தி கிறிஸ்தவங்களாக்கணும்னு தோணுச்சாம். இதை எழுதுங்க, ஆனா கூடவே ரெண்டு விஷயம் எழுதுங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க 300 வருஷமா கத்தோலிக்கர்கள். அப்புறம் இந்தப் பேச்சு 1899-ல ஒரு மெத்தடிஸ்ட் குழுவுக்கு முன்னாடி பேசினதா சொல்லி 1903-லதான் அச்சுல வந்துச்சு, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே மெக்கின்லி சுடப்பட்டு செத்துட்டார், ஆமான்னோ இல்லன்னோ சொல்ல ஆள் இல்ல.

இப்ப முக்கியமான புதிர். இதைப் பிடிச்சுகிட்டா எஸ்ஸே தானா நிக்கும். கியூபாவுக்காகத்தானே சண்டை? கியூபாவுல அமெரிக்கப் பணம் சுமார் 5 கோடி டாலர் முதலீடு இருந்துச்சு, புளோரிடாவுலேருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனா கியூபாவை இணைக்கல. 7,000 மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிலிப்பைன்ஸை, யாரும் கேக்காத பிலிப்பைன்ஸை, 1898 டிசம்பர் பாரிஸ் ஒப்பந்தத்துல 2 கோடி டாலர் கொடுத்து எடுத்துகிட்டாங்க. ஏன்?

கியூபாவை எடுக்க மாட்டோம்னு சண்டைக்கு முன்னாடியே டெல்லர் திருத்தம் போட்டாச்சு. டெல்லர் எந்த ஊர் செனட்டர்? கொலராடோ. அங்க என்ன வெளையுது? பீட்ரூட் சக்கரை. கியூபா கரும்புச் சக்கரை வரியில்லாம உள்ள வந்தா அவர் ஊர் விவசாயி கதி என்ன? கொள்கையும் இருந்திருக்கலாம், நான் மறுக்கல, ஆனா பீட்ரூட்டும் இருந்துச்சு. பிலிப்பைன்ஸுக்கு அப்படி யாரும் முன்கூட்டியே கதவை அடைக்கல. அங்க டூவி கப்பல் ஏற்கனவே நிக்குது, ஜெர்மன் கப்பல்களும் சுத்துது, விட்டா வேற எவனாவது எடுப்பான், சீனா வேற பக்கத்துல துண்டு போடப்படுது, 1899-ல வெளியுறவுச் செயலாளர் ஜான் ஹே, சீனா வியாபாரத்துல எல்லாருக்கும் திறந்த கதவுன்னு கடிதம் அனுப்பப் போறார். வியாபாரக் கனவு, கரி நிலையம், போட்டி பயம், நாகரிகப் பேச்சு, எல்லாம் ஒரே இடத்துல வந்து சேருது. அப்பவும் செனட்ல 57-க்கு 27, மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒண்ணோ ரெண்டோ ஓட்டுதான். நடக்காமலும் போயிருக்கலாம்.

இந்தக் கதையில நம்ம ஊருக்கும் ஒரு சீன் இருக்கு. 1898 ஏப்ரல் கடைசி வாரம், பிலிப்பைன்ஸ் புரட்சித் தலைவர் அகினால்டோ சிங்கப்பூர்ல மறைஞ்சு தங்கியிருக்கார். ஹோவர்ட் பிரேன்னு ஒரு இங்கிலீஷ்காரர் தரகு மாதிரி நடுவுல புகுந்து அமெரிக்க கான்சல் ஸ்பென்சர் பிராட்கிட்ட (மேல சொன்ன வரலாற்றாசிரியர் பிராட் இல்ல, வேற ஆள்) கூட்டிட்டுப் போறார். சந்திச்சது ரிவர் வேலி ரோட்டுல ஒரு பப்ல. நான் பல வருஷமா அந்த ரோட்டுல பஸ்ல போயிருக்கேன், ஒரு அடையாளமும் கிடையாது. கான்சல் ஹாங்காங்ல இருந்த டூவிக்குத் தந்தி அடிச்சார், சீக்கிரம் வரச் சொல்லுன்னு பதில் வந்துச்சு. அகினால்டோ கிளம்பிட்டார், மே 19-ல அமெரிக்கக் கப்பல்லயே மணிலா பக்கத்துல காவித்தே போய் இறங்கினார், ஜூன் 12-ல சுதந்திரம் அறிவிச்சார். சிங்கப்பூர்ல இருந்த ஃபிலிப்பினோக்கள் ஜூன்ல வாத்தியம் வாசிச்சுகிட்டுப் போய் பிராட்டுக்கு நன்றி சொன்னாங்க. சுதந்திரம் தர்றோம்னு கான்சல் வாக்கு கொடுத்தார்னு அகினால்டோ கடைசி வரைக்கும் சொன்னார், கொடுக்கவே இல்லன்னு பிராட் சொன்னார், வாஷிங்டன்லேருந்து அவருக்கு வந்த கடிதத்தோட சாரம், அந்த ஆளோட உதவி சரி, நிறைவேத்த முடியாத நம்பிக்கை எதுவும் ஊட்டிடலையேன்னு. காகிதத்துல ஒண்ணும் எழுதல. வாய் வார்த்தைதான்.

1899 பிப்ரவரி 4-ல ரெண்டு பக்கமும் சுட ஆரம்பிச்சாங்க. 1902 வரைக்கும் ஓடுச்சு, அமெரிக்கப் படையில 4,000-க்கு மேல செத்தாங்க, அந்தப் பக்கம் 20,000 போராளிகள், சண்டையிலும் பசியிலும் காலராவுலயும் செத்த பொதுமக்கள் குறைஞ்சது 2 லட்சம்னு வழக்கமா சொல்வாங்க. எஸ்ஸேல இதை எதுக்கு எழுதணும், கேள்வி காரணத்தைப் பத்தித்தானேன்னு அவ கேட்டா. சரியான கேள்விதான். நான் சொன்னது, விடுதலை செய்யப் போனோம்ங்கிறது சாக்கா ஆசையான்னு சோதிக்க இதைவிட நல்ல மீட்டர் கிடையாது. விடுதலை கேட்டவனையே சுட்டா, மீட்டர் என்ன காட்டும்? ஒரு வரி போதும், நீட்டாதீங்க.

வரலாற்றாசிரியர் பேரை எப்படிப் போடுறதுன்னு ஒரு குழப்பம் எல்லாருக்கும் இருக்கு. பாரா கடைசியில ஊறுகாய் மாதிரி தொட்டு வைக்காதீங்க. ரெண்டு பேரை மோத விடுங்க. சந்தைதான் எல்லாம்னு சொன்னவங்க வில்லியம் ஆப்பிள்மேன் வில்லியம்ஸ், லஃபீபர். வியாபாரிக்கே சண்டை வேண்டாம்னு இருந்துச்சேன்னு ஜூலியஸ் பிராட். 1890-கள்ல அமெரிக்காவுக்கே ஒரு மனக்கலக்கம், அதுதான் வெளிய வெடிச்சுச்சுன்னு ஹாஃப்ஸ்டேட்டர். ஆண்மையை நிரூபிக்கிற வெறியும் இருந்துச்சுன்னு கிறிஸ்டின் ஹோகன்சன். பீமிஸ் இதெல்லாம் ஒரு தடம் புரண்ட சம்பவம்னார், மேல அலாஸ்கா, மிட்வே, பறவை எச்சம்னு எழுதினீங்களே, அதை வச்சே அவரை மடக்கலாம். எல்லாரும் வேண்டாம், ரெண்டு பேர் போதும்.

எழுதுற விதம். ஐபி பரீட்சையில பேப்பர் 3-ல 2 மணி 30 நிமிஷம், 3 எஸ்ஸே, அப்ப ஒண்ணுக்கு 50 நிமிஷம், அதுல 7 நிமிஷம் அந்த மூணு கட்டத்தைச் சின்னதா போட்டுப் பாருங்க. முதல் வாக்கியத்துலயே உங்க முடிவைச் சொல்லிடுங்க. தமிழ்ல சொல்றேன், நீங்க இங்கிலீஷ்ல ஆக்கிக்குங்க: "சந்தை மேல இருந்த கனவும் கடற்படையோட தேவையும் ரொம்ப நாளா இருந்த ஆசை, ஆனா 1898 சண்டை கொடுத்த சமயம் இல்லாம அது நாடு பிடிக்கிறதா மாறியிருக்காது, நாகரிகப் பேச்சு அதை மக்களுக்கு ஏத்துக்க வச்சுது." நீளமா இருக்கு, பரவாயில்ல. அதுக்கப்புறம் பாரா பாராவா ஹவாயி, கியூபா, பிலிப்பைன்ஸ். பிலிப்பைன்ஸுக்கு ரெண்டு பங்கு இடம் கொடுங்க, சமோவாவுக்கு ஒரு வரி. சைஸ் ஒரே மாதிரி வந்தா நீங்க யோசிக்கலன்னு அர்த்தம். "மேலும்", "அடுத்ததாக"ன்னு பாரா ஆரம்பிச்சா அடிச்சிடுங்க, அது லிஸ்ட் போடுற கை. "ஆனா 1893-ல இதே ஆசை ஏன் வேலை செய்யல"ன்னு ஆரம்பிங்க, வாதம் தானா வரும்.

என் பேச்சைக் கேட்டுட்டு எல்லாமே கரின்னு எழுதிடாதீங்க, அதையும் சொல்லிடுறேன். நான் பங்கர்காரன், எனக்கு எங்க பார்த்தாலும் எண்ணெய்தான் தெரியும். புவேர்த்தோ ரிக்கோவுக்கு கரி பாதி விளக்கம்தான் கொடுக்கும், 1899-ல சமோவாவைப் பங்கு போட்டதுல ஜெர்மனியோட வீம்பும் கலந்திருக்கு.

அவ ரெண்டாவது தடவை எழுதினதை இன்னும் டீச்சர் திருப்பிக் கொடுக்கல. ஆனா போன புதன்கிழமை எம்ஆர்டிலேருந்து போன் பண்ணா, 1901-ல அமெரிக்கா கியூபா மேல திணிச்ச பிளாட் திருத்தம்ங்கிற சட்டத்தைப் படிச்சுகிட்டிருந்தாளாம், அதை வச்சுதான் 1903-ல கியூபாவுல குவான்டானமோவைக் குத்தகைக்கு எடுத்தாங்க. "மாமா, கடற்படைத் தளம்னு மட்டும் போடல, கரி ஏத்துற இடம்னு சட்டத்துலயே எழுதியிருக்காங்க மாமா, அதுவும் முதல்ல"ன்னா. வண்டி டன்னலுக்குள்ள போயி லைன் கட்டாயிடுச்சு.